ஏழாவது பந்தி

வியாழக்கிழமை காலை விமானம். இன்று செவ்வாய்.

ஏவன்டேலில் ரயில் பாதையை ஒட்டியிருந்த வாடகை வீட்டில், விநாயகமூர்த்தி தன் பயணப் பையைக் கதவடியில் வைத்துவிட்டு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நியூசிலாந்தில் தங்க அவர் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. கொழும்பு விமான நிலையத்தில் அவருக்காகக் காத்திருப்பவர்கள் மாலையோடு வரப்போவதில்லை என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

மற்ற இருவர், மவுண்ட் ஆல்பர்ட்டில் டெய்ரி என்கிற பலசரக்குக் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் தனியார் விசாரணை நிலையம் நடத்துகிற தமயந்தியும் அவளுடைய உதவியாளர் குலசிங்கமும். தமயந்திக்கு வயது முப்பத்தெட்டு. காணாமல் போன கணவன்மாரையும், முதுகு ஒடிந்ததாகச் சொல்லிக் காப்புறுதி வாங்கிக்கொண்டு கிரிக்கெட் ஆடுகிறவர்களையும் கண்டுபிடிப்பது அவள் தொழில். குலசிங்கம் ஐம்பதைத் தாண்டியவர். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகை அச்சகத்தில் இருபது வருடம் எழுத்துக் கோத்தவர். இங்கே அவளுக்குக் கார் ஓட்டினார், கமெரா பிடித்தார், தினசரிகளைப் படித்து வேண்டாத செய்திகளை நீலப் பென்சிலால் கழித்து மிச்சத்தை வெட்டி ஒட்டினார். வாயை மட்டும் மூடவே மாட்டார்.

"இதைத்தான் தந்தவங்கள்," என்று விநாயகமூர்த்தி எட்டாக மடித்த தாள் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். முன்னும் பின்னும் தமிழில் அச்சடித்த அரசாங்கத் துண்டுப் பிரசுரம். மேலே பெரிய எழுத்தில், 'உங்கள் அனுமதி மறுக்கப்பட்டால்'. கீழே எண்ணிட்ட பந்திகள், ஒன்று முதல் பத்து வரை.

"பத்தையும் பாடமாக்கி வைச்சிருக்கிறன் தங்கச்சி. அப்பீல் எண்டு ஒரு சொல்லும் இல்லை. ஒன்பதாவதில, அலுவலகத்தின் அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்கவும் எண்டு கிடக்கு. நானும் காத்திருந்தன். போன கிழமை கடிதம் வந்தது. வியாழக்கிழமை வெளிக்கிடட்டாம்."

"கடிதம் வரும் எண்டாங்கள், வந்தது. அரசாங்கம் சொன்ன சொல்லைக் காப்பாத்திப் போட்டுது பாருங்கோ," என்றார் குலசிங்கம்.

அந்த நிலைமையிலும் விநாயகமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமயந்திக்கும்தான். குலமண்ணை என்று அவள் கூப்பிடுகிற குலசிங்கத்தின் பகிடி முடிவதற்கு முன்னரே சிரித்துப் பழகியவள் அவள். நாலு வருடத்துக்கு முன்பு ஒற்றைப் பெட்டியோடு இந்த ஊரில் இறங்கியபோது, அவளை யாரென்றே தெரியாமல் கூட்டிக்கொண்டு போய் அறை பிடித்துக் கொடுத்தவர் அவர்.

விநாயகமூர்த்தியின் வழக்கறிஞர் மார்கரெட் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். மேன்முறையீடு செய்வதற்குப் பதினான்கு நாள் உண்டு. இப்போதைய ஆங்கிலப் பிரசுரத்தில் அது இருக்கிறது. ஆனால் விநாயகமூர்த்திக்குக் கொடுத்த தமிழ்த்தாள், மார்ச்சில் வந்த பழைய ஆங்கிலப் பிரதியிலிருந்து பெயர்த்தது. அந்தப் பழைய பிரதியில் அப்படியொரு பந்தியே இருக்கவில்லை, வாயால்தான் சொல்லி அனுப்பினோம் என்கிறது அலுவலகம். பழைய பிரதிகளை அழித்துவிட்டார்களாம். பந்தி அதில் இருந்தது என்றும், தமிழுக்கு வரும்போது தவறிப் போனது என்றும் காட்டினால் காலம் கடந்த மேன்முறையீட்டை ஏற்பார்கள். காட்டாவிட்டால் விமானம்.

"மொழிபெயர்த்தவர் ஆரெண்டு தெரியுமே?" என்று தமயந்தி கேட்டாள்.

"இராசநாயகம் மாஸ்ரர்," என்றார் குலசிங்கம். "அந்தாள்தானே அப்ப எல்லாத் தமிழும் செய்தது. ஏப்ரலில கனடாவுக்குப் போயிட்டார். வெளிக்கிடுற அவசரத்தில ஒரு பந்தியை விட்டிருப்பார் போல."

தமயந்தி தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். கடைசி வரிக்கும் கீழே, எறும்பு ஊர்ந்தது போல ஒரு குறிப்பு: 3/6.

"பக்க நம்பர்," என்றார் குலசிங்கம்.

"ரெண்டு பக்கத் தாளில மூண்டாம் பக்கம் எங்க இருந்து வந்தது குலமண்ணை? இது ஆறு மொழியில மூண்டாவது. ஒரே ஆங்கிலப் பிரதியில இருந்து ஆறு பேர் பெயர்த்திருக்கினம். தாய் செத்தாலும் சகோதரங்கள் எங்கயாவது இருக்கும்."

ஏவன்டேல் நூலகத்தில் அரசாங்கப் பிரசுரங்கள் வைக்கிற அடுக்கு ஒன்று இருந்தது. சமோவன், சீனம், சோமாலி எல்லாம் புதிய பதிப்பு. தமிழ்ப் பெட்டி காலி. ஒரே ஒரு மொழியில் மட்டும் மார்ச் மாதத்துக் கட்டு அப்படியே தூசியோடு கிடந்தது. எழுத்துகளுக்கு மேலெல்லாம் இரட்டைப் புள்ளி. கீழே 5/6.

"பின்னிஷ்," என்று வாசித்தாள் தமயந்தி.

"பின்லாந்துக்காரர் ஒருத்தரையும் இன்னும் துரத்தத் துவங்கேல்லைப் போல. ஒரு தாளும் குறையேல்லை."

தமயந்தி சிரித்துக்கொண்டே பந்திகளை எண்ணினாள். பதினொன்று. தமிழ்த்தாளை அருகில் வைத்து, சொற்களை விட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் பொருத்திக்கொண்டு போனாள். முதலாவதில் ஒரு திகதி, இரண்டு தாளிலும் அதே திகதி. நான்காவதில் அலுவலகத்துத் தொலைபேசி, இதிலும் அதுவே. ஆறு வரை கையோடு கை கோத்துக்கொண்டு வந்தன. பின்னிஷின் ஏழாவதில் 14 என்று ஒரு இலக்கமும், 0800 என்று தொடங்கும் இலவசத் தொலைபேசி எண்ணும் இருந்தன. தமிழில் அவை இல்லை. தமிழின் ஏழாவது, பின்னிஷின் எட்டாவது.

"இலக்கத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை, என்ன?" என்றாள்.

குலசிங்கம் வாசலில் மழை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "விளங்காத பாசையை நம்பி வழக்குக்குப் போகேலுமே, தங்கச்சி?"

"விளங்கின ஆளைப் பிடிப்பம்."

பிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அந்தப் பகுதியில் பின்னிஷ் புத்தகம் கேட்டு வருகிறவர் ஒரே ஒரு ஆள்தான் என்று நூலகர் சொன்னார்.

ஹெல்வியின் வீடு மவுண்ட் ஆல்பர்ட்டில், வெள்ளைப் பூச்சு உரிந்த பழைய மரவீடு. அவளுக்கு எழுபது வயதிருக்கும். காகித ஆலையில் வேலை செய்ய வந்த கணவனோடு கப்பலில் வந்து இறங்கியவள். வந்தவர்களை விசாரிக்குமுன் கோப்பி ஊற்றி, பின்னலாகச் சுட்ட பணிஸை வெட்டி வைத்தாள்.

"ஏலக்காய்!" என்று குலசிங்கம் வியந்தார். "மனிசி எங்கட ஆள்தான். சந்தேகமில்லை."

ஹெல்வி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தாள். "என்னுடையதுதான். மார்ச்சில் செய்தேன். ஆங்கிலத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆனால் அதில் இல்லாத ஒரு சொல்லையும் நான் எழுதவில்லை." விரலை வைத்து ஏழாவதை ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தாள். "நீங்கள் விரும்பினால், இந்த முடிவை எதிர்த்துப் பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை. உதவிக்கு இந்த எண்ணை அழைக்கலாம்."

தமயந்தி மூச்சை விட்டாள்.

"இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்த பந்தி," என்றாள் ஹெல்வி. "எங்கள் மொழியில் மேன்முறையீட்டுக்கு வலிடுஸ் என்போம். புலம்பலுக்கும் அதே சொல். ஒரு நாள் முழுக்க யோசித்தேன், வாசிக்கிற ஆள் இதைப் புலம்பல் என்று நினைத்து விட்டுவிடக் கூடாதே என்று."

"வலி எண்டு துவங்குது. சரியாத்தான் வைச்சிருக்கினம்," என்றார் குலசிங்கம். தமயந்தி அதை மொழிபெயர்த்ததும் ஹெல்வி வாய்விட்டுச் சிரித்தாள்.

"மற்றப் பத்துப் பந்தியும் அலுவலகம் உங்களை என்ன செய்யும் என்று சொல்கிறது. இது ஒன்றுதான் நீங்கள் என்ன செய்யலாம் என்று சொல்கிறது. நான் இதைத்தான் முதலில் செய்தேன்."

குலசிங்கம் கையில் இருந்த பணிஸைத் தட்டில் வைத்தார்.

"இந்த வேலையைத் தந்த மொழிபெயர்ப்புப் பணியகத்தோடு எனக்கு ஒரு சண்டையும் நடந்தது," ஹெல்வி தொடர்ந்தாள். "எதுவானாலும் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்றார்கள். எங்கள் சொற்கள் சரக்கு ரயில் மாதிரி, முடியவே முடியாது. எனக்கு மூன்றாவது பக்கம் வேண்டும், இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். பாருங்கள்." தாளின் பின்னால் அரைப்பக்க இணைப்பு ஒன்று ஒட்டியிருந்தது. "எல்லோருடைய கையெழுத்துப் பிரதியும் அங்கே கோப்பில் இருக்கும். ஒரு வருடம் வைத்திருப்பார்கள். தமிழையும் போய்ப் பாருங்கள்."

நகரத்துக்குப் போகிற வழியில் குலசிங்கம் கதைக்கவே இல்லை. மொழிபெயர்ப்புப் பணியகம் இருந்த கட்டடத்துக்கு எதிரே காரை நிறுத்தினார்.

"நீங்கள் வரேல்லையே?"

"பார்க்கிங் மீற்றர்காரன் வந்தா ஆர் பதில் சொல்லுறது? நீர் போயிட்டு வாரும்."

பணியகத்தில் லச்மி என்ற பீஜிக்காரப் பெண் கோப்புகளைப் பார்த்துக்கொண்டாள். வழக்கறிஞர் மார்கரெட் ஃபாக்ஸில் அனுப்பியிருந்த கடிதத்தை வாசித்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் தமிழ்க் கோப்பை மேசையில் வைத்தாள்.

இராசநாயகம் மாஸ்ரரின் முத்து முத்தான கையெழுத்து. தமயந்தி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்று. மாஸ்ரர் எதையும் விடவில்லை. ஏழாவது பந்தி முழுதாக இருந்தது. அதன் இடப்பக்கத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு கொக்கி போட்டிருந்தது. கொக்கியின் வால் உள்ளே சுருண்டு, நுனியில் ஒரு சின்னப் புள்ளி.

நீலப் பென்சில்.

தமயந்தி தாளை இன்னும் கிட்டே இழுத்தாள். அந்தக் கொக்கியை அவள் நாலு வருடமாக ஒவ்வொரு காலையும் பார்த்து வருகிறாள். கழிக்க வேண்டிய செய்திகளுக்குப் பக்கத்தில், அதே சுருட்டல், அதே புள்ளி. 'எங்கட அச்சகத்தில ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வால். ஆர் தூக்கினதெண்டு முதலாளி கண்டுபிடிக்க வேணுமே,' என்று அவரே ஒரு நாள் சொல்லியிருக்கிறார்.

"தமிழை அச்சுக் கோத்தது யார்?" என்று கேட்டாள்.

"எங்களிடம் தமிழ் எழுத்து இல்லை. மாஸ்டர் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தார். அவர் வீட்டில் அடித்து ஃபிளொப்பியில் போட்டு, இந்தப் பிரதியோடு கவரில் வைத்து வாசல் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். பெயர் எழுதவில்லை." லச்மி கொக்கியை எட்டிப் பார்த்தாள். "அலுவலகமே இதை எடுக்கச் சொல்லியிருக்கும். இப்படிக் கோடு போட்டால் அதுதானே அர்த்தம்?"

இதுதான் ஆபத்து என்பது தமயந்திக்கு உடனே விளங்கியது. யார் போட்டது என்று தெரியாதவரை அந்தக் கொக்கி அரசாங்கத்தின் கொக்கி. பந்தியை நாங்களே எடுத்தோம், தாளில் பிழையில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பிரதியின் நகலை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

காரில் ஏறியதும் நகலை ஸ்டியரிங்கின் மேல் வைத்தாள். குலசிங்கம் அதைப் பார்த்தார். பிறகு வைப்பரைப் போட்டார். மழை பெய்யவில்லை. நிறுத்தினார்.

"ரெண்டு பக்கம் எண்டு சொன்னவை தங்கச்சி. தமிழ் ரெண்டு பக்கமும் ஆறு வரியும் வந்தது. எழுத்தைச் சின்னனாக்கிப் பாத்தன், ஈ இருந்த மாதிரிக் கிடந்தது. மாஸ்ரரைக் கேப்பம் எண்டா மனுசன் பிளேன் ஏறிட்டார். மத்தியானத்துக்குள்ள ஃபிளொப்பி குடுக்க வேணும். பேப்பரில எத்தினை வருசம் செய்த வேலை! விசயம் கூடிட்டா, எது இல்லாட்டியும் மிச்சம் நிக்குமோ அதைத் தூக்கிறது."

"ஏன் ஏழாவது?"

"மற்றதெல்லாம் 'வேண்டும்', 'கூடாது' எண்டு கிடந்தது. இதுதான் 'விரும்பினால் செய்யலாம்' எண்டு கிடந்தது. விரும்பினால்தானே, கட்டாயம் இல்லையே எண்டு நினைச்சன். தூக்கிப் போட்டு நம்பரை மாத்தினன். சத்தியமா வேற ஒண்டும் இல்லை."

"அதை விடுங்கோ. இது உங்கட வேலை எண்டு எப்ப தெரியும்?"

அவர் நகலை எடுத்து அவளுடைய மடியில் வைத்தார்.

"எப்ப தெரியும் குலமண்ணை?"

"காலமை. மூர்த்தி தாளை விரிச்ச உடன."

அப்படியானால் நாள் முழுக்க. அந்த மனிதனின் வீட்டில் தேநீர் குடித்தபோதும், அவரைச் சிரிக்க வைத்தபோதும், ஹெல்வியின் மேசையிலும். தமயந்தி காலையிலிருந்து சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் அவளுக்கு இப்போது கூச்சமாக இருந்தது.

"பழியை மாஸ்ரரிட தலையில போட்டீங்கள்."

"மாஸ்ரர் கனடாவில. அவருக்கு ஒரு கேடும் வராது. எனக்கு... என்ர மனிசியும் பிள்ளையளும் வர வேண்டிய ஃபைல் அதே குடிவரவுக் கந்தோரிலதான் கிடக்கு. உமக்குத் தெரியும். நீர்தானே எழுதித் தந்தனீர்."

தெரியும். மூன்று முறை திருத்தி எழுதிக் கொடுத்திருந்தாள்.

"மார்கரெட்டிட்ட வந்து நீங்களே சொல்லுங்கோ," என்றாள். "நீங்கள் சொன்னா அது பிழை. நான் போய்ச் சொன்னா அது களவு."

குலசிங்கம் காரைக் கிளப்பினார். "சொல்லுறன்," என்றார்.

மார்கரெட்டின் வாசலில் இறங்கும்போது பின் இருக்கையில் கிடந்த நேற்றைய பத்திரிகையைத் தமயந்தி எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஏன் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

மார்கரெட்டின் அறைக்கு விநாயகமூர்த்தி முன்னரே வந்து, கோட்டின் எல்லாப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மார்கரெட் பேனாவைத் திறந்தாள். "அவர் தமிழில் சொல்லட்டும். நீங்கள் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் தாருங்கள்."

குலசிங்கம் தொண்டையைச் செருமினார். தமயந்தியைப் பார்க்கவில்லை.

"மாஸ்ரர் பதினொரு பந்தியும் தந்தவர். நான் பதினொண்டையும்தான் அடிச்சனான். பிறகு, ஏழாவது வேண்டாம், எடுக்கட்டாம் எண்டு கந்தோரால சொன்னதெண்டு எனக்கு ரெலிபோன் வந்தது. ஆர் எடுத்ததெண்டு ஞாபகம் இல்லை. சொன்னதைச் செய்தன்."

அவர் இப்போது அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. அவள் தன் பக்கம் நிற்பாள் என்ற நம்பிக்கை இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது.

தமயந்தி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ரெலிபோன் வந்ததையும், ஞாபகம் இல்லாததையும், ஒன்றையும் விடாமல்.

மார்கரெட் பேனாவை மூடினாள். "அப்படியென்றால் வழக்கு முடிந்தது. பந்தியை அலுவலகமே எடுத்திருந்தால் தாளில் பிழையில்லை."

"என்ன சொல்லுறா தங்கச்சி?" என்று விநாயகமூர்த்தி கேட்டார்.

"வழக்கு முடிஞ்சுது எண்டு சொல்லுறா அண்ணை."

விநாயகமூர்த்தி தலையாட்டினார். கோபப்படவில்லை. குலசிங்கத்தின் பக்கம் திரும்பி, "நீங்கள் வந்து சொன்னதே பெரிய காரியம் அண்ணை. உங்களுக்கு என்ன கரைச்சல்," என்றார்.

குலசிங்கத்தின் கண் நிலத்துக்குப் போனது.

தமயந்தி எழுந்தாள். "மார்கரெட், மொழிபெயர்ப்பு இதோடு முடிந்தது. இனி நான் சாட்சி." கைப்பையிலிருந்து நேற்றைய பத்திரிகையை எடுத்து, மாஸ்ரரின் பிரதி நகலுக்குப் பக்கத்தில் விரித்தாள். ஐந்து நீலக் கொக்கிகள். ஐந்து சுருட்டல், ஐந்து புள்ளி. "இது என் நிலையத்தில் குலசிங்கம் போட்டது. இதுவும் அவர் போட்டதுதான். அப்படி எந்தத் தொலைபேசியும் வரவில்லை. பக்கம் போதவில்லை என்பதற்காக அவரே எடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்பு காரில் வைத்து என்னிடம் சொன்னார்." பிறகு அதே வரிகளைத் தமிழில், விநாயகமூர்த்தியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

விநாயகமூர்த்தி அசையாமல் கேட்டார். "காலமை என்ர வீட்டில..." என்று தொடங்கியவர், மார்கரெட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சத்தியக் கடதாசி ஒரு பக்கத்தில் முடிந்தது. தமயந்தி கையெழுத்திட்டாள். குலசிங்கம் இரண்டாவதாகக் கையெழுத்திட்டார், வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்காமலே. மார்கரெட் தொலைபேசியோடு பக்கத்து அறைக்குப் போனாள். இருபத்தைந்து நிமிடம். திரும்பி வந்தபோது ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள். அதைத் தமிழில் சொல்ல மூன்று சொல்லே போதுமாக இருந்தது.

"வியாழக்கிழமை போகத் தேவையில்லை."

விநாயகமூர்த்தி கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினார்.

வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது. குலசிங்கம் காரின் முன் கதவை உள்ளேயிருந்து திறந்து தள்ளினார்.

"ஏறும் தங்கச்சி."

"நான் ரயிலில போறன்."

"அந்த ரயிலை நம்பி நிண்டா, மூர்த்தி சிற்றிசன் எடுத்த பிறகுதான் நீர் வீட்ட போய்ச் சேருவீர்."

நல்ல பகிடிதான். தமயந்தி அதைக் கடைசிச் சொல் வரைக்கும் கேட்டாள்.

"நிலையத்து மேல்மாடித் திறப்பைத் தாங்கோ, மிஸ்டர் குலசிங்கம்."

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, சாவிகள் கோத்த வளையத்தைக் கையில் எடுத்தார். அடுக்கிலிருந்து ஈய எழுத்துகளைக் கண்ணால் பாராமலே பொறுக்கி எடுத்த விரல்கள் அவை. வளையத்தின் வாயை விரிக்க அவற்றால் முடியவில்லை. நகம் வழுக்கியது. மறுபடியும் முயன்றார்.

தமயந்தி மழையில் கையை நீட்டியபடி நின்றாள்.